சிலாவத்துறையில் இரண்டு நீலம்

கடந்த பெப்ரவரியில் மன்னாருக்குப் போய்வந்தேன். பூநாரைகள் நிற்கும் காலம் என்பதால் அப்போது பலரும் போவார்கள். நான் பறவைகளுக்காகப் போகவில்லை. இரண்டு கண்ணிலும் புரை எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வெளியில் உட்கார்ந்து என்னால் இன்னும் படம் வரைய முடியுமா என்று தெரிந்துகொள்ளப் போனேன்.

இந்தத் தளத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக: நான் முப்பது வருடமாகச் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். பிழைப்பு அதில்தான். ஆனால் படங்கள் தொடங்குவது வெளியில். குளக்கட்டு, சந்தை, கடற்கரை என்று இடத்துக்கே போய், வெயில் மாறுவதற்குள் நீர்வர்ணத்தில் வரைந்து வருவேன். அவற்றை மேசையில் வைத்துக்கொண்டுதான் புத்தகப் படங்களைச் செய்வேன். யுத்த காலத்தில் பாலத்தைப் பார்த்துக் கோடு இழுத்தாலே விசாரணை வரும் என்பதால் பல வருடம் வெளியே போகவில்லை. பாதைகள் திறந்த பிறகு, விட்டதையெல்லாம் பிடிக்க வேண்டும் என்று அலைந்தேன்.

போன வருடம் ஒரு கடற்கரைக் கதைக்கு நான் அனுப்பிய படங்கள் திரும்பி வந்தன. பதிப்பகத்தில் படங்களைப் பார்க்கும் பெண் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்: "அக்கா, கடல் ஏன் பிளேன்ரீ நிறத்தில இருக்கு?" பால் விடாத தேநீரின் நிறமாம். எனக்கு அது நீலமாகத்தான் தெரிந்தது. கண் வைத்தியர் பார்த்துவிட்டு, புரை மஞ்சளாக முற்றியிருக்கிறது என்றார். சிகிச்சை நன்றாகவே முடிந்தது. பயம் அதற்குப் பிறகுதான் பிடித்தது. வெள்ளைச் சுவர் நீலமாகத் தெரிந்தது, சோற்றில்கூட நீலம் தெரிந்தது. பழகிவிடும் என்றார் வைத்தியர். பழகியும் விட்டது, ஆனால் என் கண்ணை நான் நம்பவில்லை. அந்தப் படங்களைத் திரும்பச் செய்ய முடியுமா என்று பெப்ரவரி மாத முடிவுக்குள் பதிப்பகத்துக்குச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேறொருவருக்குப் போகும். அடுத்த புத்தகமும் அவருக்கே போகும் என்பதை யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

கொழும்பிலிருந்து மன்னாருக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். பகல் பஸ்ஸில் எட்டு மணி நேரம் பிடித்தது. மன்னார்த் தீவுக்குள் போகும் நீண்ட பாதையில் ஏறியதும் இரு பக்கமும் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் நின்றன. பக்கத்து இருக்கைக்காரி எழும்பி நின்று படம் எடுத்தார். அவை என்ன இளஞ்சிவப்பு என்று நான் யோசித்துக்கொண்டிருந்ததில் பறவைகளைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

தங்கியது தீவிலேயே தோட்டவெளி என்ற ஊரில், ஒரு குடும்பத்தின் வாடகை அறையில். மறுநாள் காலை பக்கத்துக் கரையில் இரண்டு படம் தொடங்கி இரண்டையும் தண்ணீரில் கழுவினேன். ஒவ்வொரு நிறத்தையும் கலந்துவிட்டு, இது சரியா என்று கேட்க ஆளில்லாமல் நின்றேன். என்னைக் கூட்டிப்போக வந்த ஓட்டோக்காரர் யூட், நான் தங்கிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், ஈரத்தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இஞ்ச காத்துக் கூடுதல் அன்ரி. நாளைக்குச் சிலாவத்துறைக்குப் போவமே? வள்ளங்கள் கரையில நிக்கும்."

"எவ்வளவு தம்பி?"

"போய் வர எட்டாயிரம். நீங்கள் கீறி முடியுமட்டும் நிக்கிறன், அதுக்குக் காசில்லை."

ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். விடிந்ததும் வெளிக்கிட்டு எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தோம். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த நிசாம் என்பவரிடம் வள்ளங்களை வரையலாமா என்று கேட்டேன். "கீறுங்கோ, பின்னேரம்தான் கடலுக்குப் போறது," என்றார். இந்த முறை யோசிக்காமல், கண்ணில் பட்டதை அப்படியே வைத்துக்கொண்டு போனேன். ஒன்றரை மணி நேரத்தில் முடியும் தறுவாயில் நிசாம் பின்னால் வந்து நின்றார்.

"இது என்ர வள்ளமெல்லோ. ஏன் முன்னுக்கு ஒரு நிறம், பின்னுக்கு ஒரு நிறம்?"

வள்ளத்தைப் பார்த்தேன். முன்பக்கம் பச்சை கலந்த நீலம், பின்பக்கம் தனி நீலம்.

"எனக்கு அப்பிடித்தான் தெரியுது," என்றேன்.

"எல்லாம் ஒரே நீலம்தான்."

யூட்டைப் பார்த்தேன். "எனக்கும் ஒண்டாத்தான் தெரியுது அன்ரி," என்றார் அவர், வருத்தத்தோடு.

தூரிகைகளைக் கழுவத் தொடங்கினேன். மாத முடிவு வரை காத்திருக்கத் தேவையில்லை, இன்றைக்கே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் நிசாமின் மனைவி பௌசியா அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"நான் அண்டைக்கே சொன்னனான், ரெண்டும் வேற நீலம் எண்டு. பெயின்ற் பாதியில முடிஞ்சு, கடையில அந்த நிறம் இல்லாமல் வேற ரின் வாங்கி அடிச்சவர். ஒண்டுதான் ஒண்டுதான் எண்டு என்னோட எத்தினை நாள் சண்டை."

"நிழலில அப்பிடித் தெரியும்," என்றார் நிசாம்.

"நிழலோ? இந்தா, அவவும் கண்டிருக்கிறா."

நான் மெதுவாகக் கேட்டேன்: "தங்கச்சி, எந்தப் பக்கத்தில பச்சை கூடுதல்?"

யோசிக்காமல் முன்பக்கத்தைக் காட்டினார். "இதில. மயில் கழுத்து நிறம்."

அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னக்கா, தலை சுத்துதோ?" என்று அவர் குனிந்தார். கண்ணில் தண்ணீர் வருவதை மறைக்க முடியாமல் சிகிச்சைக் கதை முழுவதையும் சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப உங்கட கண் சரி. இனி இவரைத்தான் டொக்டரிட்டக் கொண்டு போகவேணும்."

"படத்தில எண்டாலும் ஒரே நிறமா அடிச்சு விடுங்கோவன்," என்றார் நிசாம்.

"தொடவேண்டாம் அக்கா," என்றார் பௌசியா.

தொடவில்லை. பௌசியாவிடமே கொடுத்துவிட்டேன். அந்தப் பகலில், காற்றில் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டே இன்னும் இரண்டு படம் வரைந்தேன், எதையும் கழுவவில்லை. கரையிலிருந்தே பதிப்பகத்துக்கு அழைத்து, செய்கிறேன் என்றேன்.

வரையப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெப்ரவரி, மார்ச் நல்லது. காலையில் பத்து மணிக்கு முன் முடியுங்கள், பிறகு காற்று தாளைப் பிடுங்கும். வள்ளமோ வீடோ, உரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். படை முகாம் பக்கம் திரும்பி உட்கார வேண்டாம். குடிதண்ணீரை வர்ணத்துக்கும் சேர்த்தே கொண்டுபோங்கள். கண் சிகிச்சை செய்தவர்கள் வைத்தியர் விட்ட பிறகே வெயிலுக்குப் போங்கள். கறுப்புக் கண்ணாடியை நிறம் கலக்கும்போது மட்டும் கழற்றினால் போதும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கலாம், ஆனால் ஒருவரோடு நிறுத்திவிடாதீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் மதவாச்சி தாண்டும்வரைதான் நினைவிருக்கிறது. மாதக்கணக்கில், விழித்தால் எப்படித் தெரியுமோ என்ற பயத்தோடேயே ஒவ்வோர் இரவும் கண் மூடியிருந்தேன். அன்றைக்கு அந்தப் பயம் இல்லை. கொழும்பில் நடத்துநர் தட்டி எழுப்பினார்.