படம் பார்க்காதவனுக்குக் கிடைத்த இடம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கண்டியில் சலனப்படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு ஒன்று தொடங்கப்போவதாகச் செய்தி பரவியது. நடத்தப்போகிறவர் சீமையில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, ஜெர்மனிக்கும் போய்க் கமெரா வித்தை கற்று வந்த ஒரு வெள்ளைக்காரர். ஆறு பேருக்குத்தான் இடம். பயஸ்கோப்பு என்று சொன்னாலே முகம் சுளித்த பெரிய குடும்பங்கள்கூட அந்த வாரம் பிள்ளைகளுக்குக் கோட்டுத் தைக்கக் கொடுத்தன.

நான் அப்போது டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பு வாத்தியார். அப்பா கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிளாக்கர். படம் எடுக்கும் ஆசை எனக்குக் கனவிலும் வந்ததில்லை. ஆசைப்பட்டவர் என் சிநேகிதர். அலவத்துகொடைக்காரர், டவுனில் புடைவைக்கடை வைத்திருந்தார். கொட்டகைக்கு வந்த படம் எதையும் அவர் விட்டதில்லை. பிடித்த படமென்றால் தினமும் போவார். தனியாகப் போய் நிற்கக் கூச்சப்பட்டு, "நீங்களும் வாங்க வாத்தியார், சும்மா தொணைக்கி" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஏரிக்கரை மண்டபத்தில் மூன்று பேர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்த வெள்ளைக்காரத் துரை. ஒரு பக்கம் வளவு என்கிற பெரிய வீட்டுப் பரம்பரைச் சிங்கள அம்மையார். மறுபக்கம் கோர்ட்டில் வழக்காடும் யாழ்ப்பாணத்து அப்புக்காத்தர் ஒருவர். அவர் கொட்டகைக்குள் கால் வைத்ததே இல்லையாம். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

சிநேகிதரை முதலில் கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. என்னென்ன படம் பார்த்திருக்கிறீர் என்று துரை கேட்டதுதான் தாமதம், மனுஷர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். குதிரையிலிருந்து விழுகிற காட்சியைக் கதிரையில் ஏறி விழுந்தே காட்டினார். அம்மையார் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டார். டென்னிஸ் ஆடுவீரா என்று கேட்டார்கள். இல்லை என்றார். போகலாம் என்றார்கள்.

அடுத்தது நான். துணைக்கு வந்தவன் என்று சொல்லுமுன் என்னையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

"நீர் எத்தினை படம் பாத்திருக்கிறீர்?" என்றார் அப்புக்காத்தர்.

"அரைப் படம் ஐயா."

"அதென்ன அரைப் படம்?"

எங்கள் மாதா கோயில் சாமியார் பயஸ்கோப்பு பார்க்கிறவர்களுக்கு நரகம் நிச்சயம் என்று பிரசங்கம் செய்தவர். அதையும் மீறி ஒருதரம் போனேன். பாதியில் படச்சுருள் தீப்பிடித்துக்கொண்டது. நரகம் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று சாமியார் சொல்லவில்லையே என்று பயந்து, பின்வாசலால் ஓடி வந்தேன். நடந்ததை அப்படியே சொன்னேன்.

துரை மேசையைத் தட்டினார். "அற்புதம்! கெட்டுப்போகாத மனம்! வெறும் வெள்ளைத் தாள்!" அம்மையாரும் தலையாட்டினார். என் அறியாமையை யாரும் அவ்வளவு புகழ்ந்து நான் கேட்டதில்லை. அப்பா தோட்டத்துக் கிளாக்கர் என்பதை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்த நிமிஷமே இடம் கிடைத்துவிட்டது.

சிநேகிதர் வாசலில் நின்றார். "படம் பாக்காதவன் படம் எடுக்கப் போறான். சோறு திண்டு பாக்காதவன சமைக்க விடுவானுகளா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று கடைக்கு நடந்தார். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

மற்ற ஐந்து பேர் யார் என்று பார்த்தால், அம்மையாரின் தம்பி மகன், அப்புக்காத்தரின் மருமகன், துரையோடு டென்னிஸ் ஆடுகிற மூன்று பேர். அவர்களுடைய மனம் கெட்டதா, கெடாததா என்று யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை.

வகுப்பில் ஒளி பற்றிப் பேசினோம். லயம் பற்றிப் பேசினோம். படத்தின் ஆன்மா பற்றி மிக அதிகமாகப் பேசினோம். கமெரா மட்டும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. கண்டியின் ஈரம் அதற்கு ஆகாதாம். வெயிலடித்த நாளில் துரை பெட்டியைத் திறந்து காட்டுவார். மாதா கோயிலில் புனிதரின் திருப்பண்டம் கும்பிடுகிறவர்கள் போல் வரிசையில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

கடைசியில் ஒருநாள், "தோட்டத் தொழிலாளியின் மெய்யான வாழ்க்கையை எடுக்கப் போகிறோம்" என்றார் துரை. லொறியில் ஹுன்னஸ்கிரியவில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். இறங்கியதும் என் தோளில் கை போட்டு, "நீர்தானே இவர்களோடு பேச வேண்டும்" என்றார். அப்புக்காத்தரின் மருமகனும் தமிழர்தானே என்றேன். "கூலியாக்களோட கதைச்சு எனக்குப் பழக்கமில்லை" என்று அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். வெள்ளைத் தாளை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மெய்யான வாழ்க்கைக்காகப் பெண்களைக் குளித்து, புதுச்சேலை கட்டி வரச் சொல்லியிருந்தார்கள். கொழுந்து பறித்துக்கொண்டே சிரிக்க வேண்டும் என்றார் துரை. நான் சொன்னேன்.

"எதுக்குங்க சிரிக்கணும்?" என்றாள் முன்னால் நின்ற நடுவயதுக்காரி. "கொழுந்து கொறைஞ்சா கங்காணி ஏசுறான். அதுக்கா?"

"சிரிப்பதற்கு எதுவும் இல்லை என்கிறார்கள்" என்று துரையிடம் சொன்னேன்.

"ஏதாவது வேடிக்கை சொல்லும்" என்றுவிட்டு, அவர் தேயிலைக்கு நடுவே ஈரத்தில் குப்புறப் படுத்துக் கமெராவைக் கண்ணில் வைத்தார். எனக்கு ஒரு வேடிக்கையும் வாயில் வரவில்லை. அதே பெண்தான் அவர் காலைப் பார்த்தாள்.

"ஏய், தொரை கால்ல அட்டை ஏறுது. யாரும் சொல்லிப்புடாதீங்க. நம்ம ரத்தத்தையே குடிச்சு அதுக்கும் சலிச்சுப் போயிருக்கும். இன்னிக்காச்சும் வெள்ளக்கார ரத்தம் குடிக்கட்டும்."

மலையே சிரித்தது. கூடையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். துரை விடாமல் எடுத்தார். எழுந்ததும், "என்ன சொன்னாள்?" என்று கேட்டார்.

"அட்டையைப் பற்றி, சார்."

"என்ன எளிமை!" என்று நெகிழ்ந்துபோனார். பிறகுதான் காற்சட்டையில் இரத்தத்தைப் பார்த்துக் கத்தினார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் படத்தை அதே மண்டபத்தில் போட்டார்கள். சிநேகிதரையும் கூட்டிப்போனேன், கோபமிருந்தாலும் படமென்றால் அவரால் வராமலிருக்க முடியாது. ஊமைப்படம். திரை நிறையப் பெண்கள் சிரித்தார்கள். அப்புக்காத்தர் எழுந்து, "எவ்வளவு திருப்தியான சனங்கள்!" என்றார். முன்வரிசை கைதட்டியது.

"எனத்துக்கு இப்பிடிச் சிரிக்கிறாங்க? செல்லுங்க வாத்தியார்" என்று சிநேகிதர் என் காதைக் கடித்தார்.

சொன்னேன். அவர் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். அவர் அடுத்தவருக்குச் சொன்னார். பின்வரிசை முழுதும் குலுங்கியது. துரை திரும்பி எங்களைப் பார்த்து, மார்பில் கை வைத்து, தலை வணங்கினார்.

அடுத்த மாதம் அவர் சீமைக்குப் போய்விட்டார். எங்கள் ஆறு பேருக்கும் சான்றிதழ் கிடைத்தது. எங்கள் தலைமையாசிரியர் என்னுடையதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, "இனிமே பள்ளிக்கூடத்துப் படமெல்லாம் நீங்கதான் எடுக்கணும்" என்றார். கமெராவை நான் தொட்டதே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று அவர் என்னைப் பாராட்டினார்.