தங்கைக்குப் பார்த்த மனை

அலுவலகத்தில் அவளுக்குக் ‘கழுகுக்கண்ணு’ என்று பெயர். ஆலைகள் திருட்டுத்தனமாக விஷக் கழிவு கொட்டும் இடங்களைச் செயற்கைக்கோள் படங்களில் தேடிப் பிடிப்பதுதான் வேலை. கன்னங்கரேலென்று ஒரு திட்டு, சுற்றிலும் கருகிய புல், நடுவே லாரித் தடம் என்றால் போதும், வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடுவாள். ஒரே ஒரு படத்தை நம்பி ஓர் இடத்தைச் சுத்தம் என்று யாராவது எழுதிவிட்டால் தொலைந்தார்கள்.

"பழைய வருஷத்துப் படத்தப் பாத்தியா? மேல மண்ணக் கொட்டி மூடிட்டா புல்லு மொளைக்காதா? கண்ண எங்க வெச்சிருந்த?"

அப்படிப்பட்டவளிடம்தான் தங்கை போனில் கேட்டாள். "அக்கா, வீடு கட்ட ஒரு மனை பாத்திருக்கோம். நீதான் வானத்துலேருந்து பாக்குறவளாச்சே, எப்படி இருக்குன்னு சொல்லேன்."

அன்றைக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. டீயை உறிஞ்சிக்கொண்டே புத்தம்புதுப் படம் ஒன்றைத் திறந்தாள். பச்சைப் பசேலென்று இருந்தது. "தாராளமா வாங்குடி" என்று சொல்லிவிட்டு மறந்தும் போனாள். தங்கையோ வாங்கி, வீட்டைக் கட்டி, குடியும் போய்விட்டாள்.

பிறகுதான் கழிவு கொட்டி மண் மூடிய பழைய இடங்களைத் தேடும் வேலை வந்தது. பழைய படங்களைப் புரட்டிக்கொண்டு வந்தவளுக்கு ஒரு வளைந்த தெரு பழகினதாகத் தெரிந்தது. தங்கை வீட்டுத் தெரு! இப்போது வீடு நிற்கும் இடத்தில் அப்போது ஒரு கறுப்புக் குட்டை, கரையெல்லாம் பீப்பாய்கள்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "அடேயப்பா, இதையும் புடிச்சிட்டீங்களா! கண்ணா அது!"

சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று உடம்பே கூசியது. சிவப்புக் கோட்டைப் போட்டாள். விடுப்புச் சொல்லிவிட்டு நேரே கிளம்பிப் போனாள். போனில் சொல்ல நா எழவில்லை.

"வாக்கா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று தங்கை கையைப் பிடித்து இழுத்தாள். அவள் மகள் ஒரு டம்ளரோடு ஓடி வந்தாள். "பெரியம்மா, எங்க வீட்டு போர் தண்ணி!"

"லேசா ஒரு வாடை வரும். புது போர்னா அப்படித்தானாம்" என்றாள் தங்கை.

அவள் டம்ளரை வாங்கித் வாசலிலேயே கவிழ்த்தாள். "இதக் குடிக்காதீங்கடி."

பழைய படத்திலும் ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "கீழ பூரா விஷக் கழிவு. பழைய படத்த நான் பாக்கவே இல்லடி. பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

தங்கை கத்தித் தீர்த்துவிடுவாள் என்றிருந்தாள். கத்தியிருந்தாலாவது தேவலை. தங்கை மகளை அருகே இழுத்து, முழங்கையில் மருந்து தடவியிருந்த தடிப்பை வெகுநேரம் பார்த்தாள்.

"யாருக்கோ எவருக்கோன்னா அத்தன படம் பாப்ப. தங்கச்சிக்கு ஒண்ணு போதும்னு விட்டுட்டியாக்கா?"

"ஆமாடி" என்றாள் அவள். அதற்குமேல் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.