மாவுக்கட்டு அக்காவின் கட்டைவிரல்

“என் கட்டைவிரலுக்குத் தப்புப் பண்ணத் தெரியாது.”

ஆஸ்பத்திரியின் மாவுக்கட்டு அறையில், பத்துப் பேர் காதுபட அக்கா அறிவித்த பிரகடனம் இது. வலிக்கும் பாதங்களுக்கு அளவெடுத்து, காலணிக்குள் வைக்கும் இன்சோல் செய்வதில் அவருக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஆளைக் குப்புறப் படுக்கவைப்பார். நனைத்த மாவுத்துணியைப் பாதத்தில் சுற்றி, சுண்டுவிரலுக்குக் கீழே கட்டைவிரலைக் கொடுத்து ஏந்திப் பிடிப்பார். மாவு இறுகும்வரை கால் அசையாது. இறுகிய கூட்டைக் கழற்றி, அதற்குள் மாவு ஊற்றி எடுக்கும் மாவுப் பாதத்தின்மேல்தான் இன்சோலை வார்ப்பார். கால்காரர் மூச்சுவிடுவதும் அக்காவின் தயவில்தான்.

வினை ஸ்கேனர் வடிவில் வந்தது. கண்ணாடிமேல் ஏறி நின்றால் ஒரே நிமிடத்தில் அளவு. இனி மாவு அறை எதற்கு, பழைய நாற்காலிகளைப் போட்டு வைக்கலாமே என்றார் மேலாளர்.

“ஒரே காலுக்கு அதுவும் செய்யட்டும், நானும் செய்றேன். தோத்தா ரூம் சாவியைத் தந்துடறேன் சார்.”

“யார் காலு?”

“எங்க அண்ணன் காலு. டிராஃபிக் போலீஸ். நின்னே சம்பாதிக்கிறவர்.”

“சொந்த அண்ணனா? தீர்ப்பு இப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“குதிகால் வலிக்குச் சொந்தபந்தம் தெரியாது சார்.”

இரண்டையும் வாரத்துக்கு ஒன்றாகப் போட்டுப் பார்த்த அண்ணன், லாரியை நிறுத்தும் அதே கம்பீரத்தோடு மேலாளர் முன் கை நீட்டினார். “தங்கச்சி செஞ்சதுதான்.” சாவி அக்காவின் இடுப்பிலேயே தங்கியது. மேலாளர் முகம் தொங்கியது.

ஆனால் அறை வாசலைத் தாண்டிய அண்ணன், வலது பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றாமல் நடந்தார். கால்களையே பார்த்துப் பழுத்த கண்ணுக்கு அது தப்புமா?

“அண்ணா, நில்லு. வலது பூட்ஸைக் கழட்டு.”

“குதிகால் வலிதான் போயிடுச்சே.”

“வேற எங்க வலிக்குது?”

“சுண்டுவிரல் பக்கம் கூழாங்கல்லு மாதிரி என்னமோ. உன் ரூம் போயிடுமேன்னு சொல்லல.”

அக்கா பூட்ஸிலிருந்து இன்சோலை எடுத்துத் தடவினார். அந்த இடத்தில் சின்ன மேடு. அலமாரியிலிருந்து அண்ணனின் மாவுப் பாதத்தை எடுத்தார். அதே இடத்தில் குழி. கட்டைவிரலை வைத்தார். அளவெடுத்துச் செய்த மோதிரம்போல் பொருந்தியது.

அக்கா மேட்டைச் சாணையில் தேய்த்தார். குழியில் மாவு கரைத்து ஊற்றினார். அண்ணன் ஒழுங்காக நடந்து போனார்.

“உள்ள என்ன அக்கா பண்றீங்க?” என்று மேலாளர் எட்டிப் பார்த்தார்.

“என் ரூம்ல என் வேலையைப் பண்றேன் சார்.”

கதவை உட்பக்கமாகப் பூட்டினார். அலமாரியில் வரிசையாக நின்ற மாவுப் பாதங்களில் முதலாவதை இறக்கி, சுண்டுவிரலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பொருந்தியது. அடுத்ததை இறக்கினார்.