மங்களகரமான மூன்றாவது ரேம்

கல்யாண மொய்யில் நூறு வெள்ளியோடு ஒரு வெள்ளியைக் கூடுதலாகச் சேர்ப்பது போலத்தான் என் மகளின் புதுக் கணினிக்கும் ரேம் வாங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சகுனம் பார்ப்பவர்களைக் கேலி செய்தே தலை நரைத்தவன் நான்.

மகள் பாலிடெக்னிக்கில் அனிமேஷன் படிக்கிறாள். "ரேம் ரெண்டு ஸ்டிக் போதும்ப்பா, ஜோடியாத்தான் போடணும்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். தேக்கா சந்தைப் பக்கத்துக் கணினிக் கடையில் இரண்டை எடுத்தபோது, நல்ல காரியம் இரட்டைப்படையில் முடியலாமா என்று கை தயங்கியது. மூன்றாவதையும் எடுத்தேன். தெம்பனிஸ் வீட்டுக்கு வந்து, அவள் திரும்புவதற்குள் மூன்றையும் நானே சொருகினேன். கணினி ஓடியது.

இறுதியாண்டுப் படத்தை ஒப்படைக்க வேண்டிய அன்று திரை உறைந்தது. மறுபடி இயக்கினாள், மறுபடி உறைந்தது.

"இன்னிக்கு சப்மிட் பண்ணலன்னா ஃபெயில்ப்பா."

நான் வெயிலைக் குற்றம் சொன்னேன். அவள் கணினிப் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"மூணு எதுக்குப்பா?"

"மங்களமா இருக்கட்டுமேன்னு..."

அவள் கத்தவில்லை. ஒன்றை மெதுவாக உருவி என் உள்ளங்கையில் வைத்தாள். அதன்பின் கணினி ஒழுங்காக ஓடியது. படமும் போய்ச் சேர்ந்தது.

கத்தியிருந்தால் தேவலை. பிள்ளை கேட்டதைக் கேட்டபடியே வாங்கித் தருவது எனக்கு ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்று சோர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

சமையலறையிலிருந்து மனைவி சொன்னாள்: "எனக்கும் மூணு முடிச்சுதானே போட்டீங்க? அன்னையிலருந்து நானும் அப்பப்ப ஹேங் ஆயிட்டுத்தான் இருக்கேன்லா."