லடாக்குக்குப் போன வண்டி

நான் ஓட்டிக்கொண்டிருந்த லாரி லடாக் வரை போய் வந்தது. நான் போகவில்லை.

எழுபதுகளின் கடைசியில் மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு பட்டறையில் கித்தான் துணியை வெட்டிக் கூடாரம் தைப்பார்கள். அந்தச் சரக்கை ஏற்றும் லாரிக்கு நாங்கள் இரண்டு டிரைவர்கள். நான் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். அஞ்சாம் வகுப்போடு சரி. இன்னொருவன் மதுரை டவுனுக்குள் பிறந்து வளர்ந்த முஸ்லிம் வீட்டுப் பையன். லாரி அவன் தாய்மாமனுடையது. நான் அவனை மாமா என்பேன், அவன் என்னை மாப்ள என்பான். உறவு ஒன்றும் இல்லை, பழக்கம்தான்.

பட்டாளத்துக்கு லடாக்கில் கூடாரம் இறக்க வேண்டும் என்று பட்டறைக்கு ஓர் ஆர்டர் வந்தது. பனி உருகி ரோடு திறக்கிற மாதங்களில்தான் அங்கே வண்டி ஏறும். மற்ற லாரி டிரைவர்கள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் கேட்ட மாத்திரத்தில் சரி என்றேன். ஏன் என்றால் சொல்லத் தெரியாது. எங்கள் ஊரில் மழை பெய்தால் விதைப்பார்கள். பெய்யாவிட்டால் அண்ணாந்து பார்ப்பார்கள். ரோடு முடிகிற இடம்வரை ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. வேறு எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

மதுரை யானைக்கல் பழ மார்க்கெட்டுக்கு ஆப்பிள் லோடு கொண்டுவரும் சர்தார் ஒருவர் அந்தப் பக்கம் ஓட்டியவர். அவரைப் பிடித்தோம். மாமாவுக்கு உருது தெரியும். சர்தார் சாக்கட்டியை வாங்கி எங்கள் லாரியின் உள்பலகையில் ரோட்டை வரைந்தார். நாகபுரி, டில்லி, ஜம்மு. அதற்குப் பிறகு கோடு பாம்பு போல நெளிந்து நெளிந்து ஏறியது. அங்கே ஊர் கிடையாது, கடை கிடையாது, மரமும் கிடையாது என்றார். மாமா ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னான்.

"ராத்திரி நிறுத்துனா ரேடியேட்டர் தண்ணியத் தொறந்து விட்றணுமாம் மாப்ள. இல்லாட்டி ஐஸாகி வெடிச்சிருமாம்."

"காலையில?"

"ஐஸ ஒடச்சு அடுப்புல வச்சு உருக்கி ஊத்தணுமாம்."

"அப்ப டீ?"

"மொதல்ல வண்டி குடிக்கும். மிச்சம் இருந்தா நமக்கு."

என் முகத்தைப் பார்த்து சர்தார் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு எங்களுக்கு வேறு பேச்சில்லை. விளக்குத்தூண் பக்கம் பழைய கம்பளிக் கோட்டு இரண்டு வாங்கினோம். சித்திரை வெயிலில் போட்டுப் பார்த்தோம். கடைக்காரர் எங்களைப் பைத்தியம் என்றே முடிவு செய்துவிட்டார். ஸ்டவ், அரிசி, புளி, கருவாடு எல்லாம் சேர்ந்தது. கருவாட்டு வாசத்துக்கு மலையில் கரடி வரும் என்றான் மாமா. பனியில் வழுக்காமல் இருக்க டயரில் சுற்றும் சங்கிலியைக் கொல்லரிடம் செய்து வாங்கினோம். அதைச் சுற்றிக்கொண்டு தொழிற்பேட்டைக்குள் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தோம். தார் பெயர்ந்துவிட்டது. வாட்ச்மேன் கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

புறப்படுவதற்கு முதல் நாள் அண்ணன் கப்பலூருக்கே வந்தார். எனக்கு மூத்தவர், ஊரில் நிலத்தைப் பார்ப்பவர். நான் டிரைவர் வேலைக்கு வந்ததே அவருக்குப் பிடிக்காது. அன்றைக்கு நல்லபடியாகப் பேசினார்.

"அம்புட்டு தூரம் போற. குலசாமிக்குக் காட்டாம வண்டிய எடுக்கலாமா? நாளைக்கு ஊருக்கு வந்து டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சு எடு."

"இல்லண்ணே, நேரா திண்டுக்கல் ரோட்டுல போயிருவோம்."

"கும்பிட்டுட்டு அப்படியே போயிரு. ஒன்னய யாரு பிடிச்சு வைக்கப்போறா?"

எனக்கும் சாமி கும்பிடாமல் போக மனமில்லை. மறுநாள் சரக்கோடு ஊருக்குப் போனோம். பூசாரி வர நேரமாகும் என்றார் அண்ணன். சாப்பிடச் சொன்னார். மாமாவுக்குக் கூடக் கொஞ்சம் கறி போடச் சொன்னார். அது ஓதி அறுத்த கறி இல்லை. மாமா சங்கடத்தோடு, "ரசம் போதும்ணே" என்றான். பூசாரி வந்து எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. வண்டியில் ஏறச் சாவியை எடுத்தேன். கோயில் பக்கம் கொட்டு அடித்தார்கள்.

அது காப்புக் கட்டும் கொட்டு. சாமிக்குக் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊர்க்காரன் எல்லை தாண்டி இராத்தங்கக் கூடாது. அந்த நேரத்தில் வெளியூரில் இருப்பவனுக்குக் கட்டு இல்லை. ஊருக்குள் இருந்தால் உண்டு. திருவிழா அடுத்த வாரம்தான் என்று நினைத்திருந்தேன். எப்போதும் அந்த வாரத்தில்தான் கட்டுவார்கள்.

"என்னண்ணே இது?"

"இன்னைக்குன்னு ஊரு கூடி முடிவு பண்ணிருச்சு. நான் என்ன செய்ய? பாய் போகட்டும். அவர நம்ம சாமி கட்டாது."

மாமாவைத் தனியே கூட்டிப்போய், பேசாமல் கிளம்பிவிடுவோம் என்றேன். அவன் டயருக்கு அடியில் இருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான்.

"வேணாம் மாப்ள. ஒஞ்சாமி கோவத்த ஏத்திக்கிட்டு அந்த ஒசரத்துல என்னால ஓட்ட முடியாது. ஒன்னாலயும் முடியாது."

உண்மைதான். முடிந்திருக்காது.

பட்டறைக்காரர் காத்திருக்க மாட்டார். மாமா கப்பலூர் போய், இரட்டைக் கூலி பேசி வேறு டிரைவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கோட்டு, கருவாடு, சங்கிலி எல்லாம் போயின. ஊரைவிட்டு வண்டி போகும்போது எல்லைக்கல்வரை பின்னால் நடந்து போனேன். கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன்.

மறுநாள் பூசாரி திருநீறு கொடுக்கும்போது யதார்த்தமாகச் சொன்னார். "எல்லாரும் அடுத்த செவ்வாயின்னுதான்ப்பா சொன்னோம். ஒங்கண்ணன்தான் இந்தச் செவ்வாயின்னு ஒத்தக்கால்ல நின்னாரு." அண்ணனிடம் நான் கேட்கவில்லை. திருவிழா முடியும்வரை அவர் வீட்டுச் சோற்றைத்தான் தின்றேன்.

வண்டி திரும்பி வந்ததும் மாமா மலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். வேண்டாம் என்றேன். உள்பலகையில் சாக்கட்டிக் கோடு பாதி அழிந்திருந்தது. நெளிந்து ஏறுகிற பகுதி மட்டும் தெரிந்தது. அடுத்த வருஷம் அந்த ஆர்டர் வரவில்லை. அதற்கடுத்த வருஷம் லாரியை விற்றுவிட்டார்கள்.

எண்பதுகளில் எனக்கு டவுன் பஸ் வேலை கிடைத்தது. உசிலம்பட்டி ரூட். முடிகிற இடம் எங்கள் ஊர். வண்டி இராத்திரி அங்கேதான் நிற்கும். அதனால் காப்புக் கட்டிய நாட்களிலும் எனக்குத் தடை இல்லை.

ஒரு காப்பு நாளில் அண்ணன் பஸ் ஏறினார். எனக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார்.

"பாத்தியா, தெனமும் வீட்டுக்கு வந்துர்ற. இதுவும் டிரைவர் வேலதான?"

நான் கியரைப் போட்டேன். ஊர் வந்ததும் இறங்கிப் போனார். வண்டியைத் திருப்பி நிறுத்தி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. இந்த ஊரில் தண்ணீரைத் திறந்துவிட வேண்டிய அவசியம் ஒருநாளும் வந்ததில்லை.