படையில் சேர்ந்த நாளின் உயரம்

என் அத்தை பள்ளிச் சீருடை தைக்கிறாள். கடையின் பின்னறையில் மூன்று தையல் இயந்திரங்கள், ஒரே மின்விசிறி. அந்தக் காற்று அத்தை உட்காரும் மூலைவரை வராது. மாலையில் வீடு திரும்பியதும் படுக்கையில் கிடக்கும் தாத்தாவுக்கு உடம்பு துடைத்து, சாப்பாடு ஊட்டி, வசவும் வாங்கிக்கொள்வாள்.

வசவில் பாதி தாத்தாவின் அண்ணனுக்குப் போகும். உலகப் போர் நடந்தபோது அவர் பட்டாளத்தில் சேர்ந்தார், திரும்பி வரவில்லை. தாத்தாவுக்கு அப்போது ஐந்து வயது. அண்ணன் வீட்டைவிட்டு ஓடிப்போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதாக அவர்களுடைய அப்பா சொல்லியிருந்தார். அப்பா தனியாளாக மூட்டை தூக்கியே கூன் விழுந்து செத்ததற்கு அண்ணன்தான் காரணம் என்பது தாத்தாவின் தீர்ப்பு. அத்தை கொஞ்சம் தாமதமாக வந்தால்கூட, "நீயும் அவனை மாதிரி ஓடிட்டியோன்னு நினைச்சேன்" என்பார். கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் அவருடனே இருப்பவள் அத்தை.

"இவர் கண்ணை மூடறதுக்குள்ள அந்த மனுஷன் ஏன் போனாருன்னு தெரிஞ்சா போதும்" என்று இராணுவ ஆவண அலுவலகத்துக்கு அவள் எழுதிப் போட்டாள். நகல் வந்தது. அண்ணன் பெயர் சரி, அப்பா பெயரும் சரி. ஆனால் சேர்ந்தபோது வயது பத்தொன்பது என்றிருந்தது. எங்கள் கணக்கில் பதினைந்துதான் வரும். அந்தப் பெயர்கள் தெருவுக்குப் பத்துப் பேருக்கு உண்டு. வேறு யாரோ என்று முடிவுகட்டி, நகலை அலமாரியில் போட்டுவிட்டாள். நானும் ஆமாம் என்றேன். அரசாங்கத் தாளில் இருக்கும் வயது தப்பாக இருக்குமென்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்து சும்மா இருந்ததால் போன மாதம் அதை எடுத்து நிதானமாகப் படித்தேன். இரண்டாம் தாளில், இரண்டு வருடம் கழித்து நடந்த உடல் பரிசோதனை இருந்தது. கடைக்கே போய் அத்தையிடம் காட்டினேன்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு உயரம் எழுதியிருக்கான். முதல்ல அஞ்சடி, அப்புறம் அஞ்சடி நாலு. குமாஸ்தா தூங்கிக்கிட்டே எழுதியிருப்பான்."

"பட்டாளத்துச் சாப்பாடு அப்படி, தம்பி. நானும் போயிருக்கணும்" என்றார் குட்டையான காஜாக்காரர், பட்டன் ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அத்தை சிரிக்கவில்லை. ஒரு கால்சட்டையின் அடியில், பையன் வளர்ந்தால் பிரித்துவிட வசதியாக, துணியை உள்பக்கம் மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"பத்தொன்பது வயசுக்காரனுக்கு யாரும் இப்படி மடிப்பு விடச் சொல்றதில்லைடா. இவன் சின்னப் பையன். வளர்ந்திருக்கான்."

முதல் தாளை மறுபடி பார்த்தோம். வயதுக்குப் பக்கத்தில் 'தந்தை கூறியபடி' என்று எழுதி, கீழே ஒரு கைநாட்டு. இரண்டாம் தாளின் கடைசி வரியில் காய்ச்சல், மரணம். அத்தை தாள்களை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு மிச்சக் கால்சட்டைகளைத் தைத்து முடித்தாள். மறுநாள் காலையில் அவற்றைக் கொடுத்தாக வேண்டும்.

வீட்டில் தாத்தா ஆரம்பிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"அப்பா, பெரியப்பா ஓடிப்போகல. உங்க அப்பாதான் கூட்டிட்டுப் போய், வயசைக் கூட்டிச் சொல்லிச் சேர்த்துவிட்டிருக்காரு. காய்ச்சல்ல அங்கேயே செத்துட்டாரு."

"யார் சொன்னா?"

"கைநாட்டு இருக்கு."

"கைநாட்டு யாரு வேணா வைப்பான்."

"வைக்கலாம்ப்பா." வாதாட அவளிடம் தெம்பு இல்லை.

சாப்பாடு பாதி இறங்கியபின் தாத்தா கேட்டார்: "வேற என்ன போட்டிருக்கு?"

"உயரம். சேரும்போது அஞ்சடி."

"அவ்வளவுதானா? நான் அவனை அண்ணாந்துதான் பார்ப்பேன்." என்னைக் கூப்பிட்டு நிற்கச் சொன்னார். "அஞ்சடி எதுவரைக்கும் வரும்?"

அத்தை என் தோளுக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினாள். தாத்தா அந்தக் கையையே பார்த்தார்.

"அவன் எங்கேன்னு ஒரு தடவை கேட்டேன். அப்பா அடிச்சாரு. அதுக்கப்புறம் நான் கேக்கவே இல்ல."

அத்தை தண்ணீர் கொடுத்தாள். அவர் பாதி குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மீதியை அவளே குடித்துவிட்டு, எச்சில் தட்டைக்கூட எடுக்காமல், கட்டிலுக்குக் கீழே வெறுந்தரையில் படுத்துவிட்டாள்.