உடுக்கைச் சத்தத்துக்கு வந்தவள்

ராசாங்கம் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கிறவர். ஊரில் எந்த வம்புக்கும் போகாத மனுஷன், வீட்டுக்குள் மட்டும் ஒரே பிடிவாதமாக இருந்தார். செத்துப்போன மகள் வெற்றிச்செல்வி இன்னும் வந்துபோகிறாளாம்.

கைவிட்ட கல்குழியில் மழைத்தண்ணீர் நின்றது. குளிக்கப் போன பிள்ளை கரையேறவில்லை. அது இரண்டாயிரத்து ஒன்று, ஐப்பசி. அன்றோடு அவர் மனைவி கொளஞ்சியம்மாளுக்குப் பேச்சும் நின்றுபோயிற்று. அடுத்த ஆடியில் கோயிலில் உடுக்கை அடித்தபோது கூட்டத்தில் நின்றவள் திடீரென்று ஆடினாள். ஆடுகிறவளிடம் வந்திருப்பது யார் என்று கேட்பதுதானே ஊர் வழக்கம்! ராசாங்கம் ஓடிப்போய்க் கேட்டார்.

"யாரு, பாப்பாவா?"

அவள் தலையாட்டினாள். போதாதா? அதற்குப் பிறகு அமாவாசைதோறும் அவரே உடுக்கை அடித்தார். பொரிகடலை வைத்து, "சாப்பிட்டியா பாப்பா? தண்ணி ரொம்பக் குளிருதா?" என்பார். எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான். பாவி மனுஷன் மகளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. பிள்ளைதான் போகவே இல்லையே, எதற்கு அழ வேண்டும்?

கொளஞ்சி எலும்பும் தோலுமானாள். பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

"அக்காவையும் சாகடிச்சிட்டுத்தான் ஓய்வீங்களா? டவுனுக்கு சசிகலான்னு ஒரு டீச்சர் வந்திருக்காங்க. மனசு ஒடிஞ்சவங்கள ஆட வச்சே தேத்துறாங்களாம். கூட்டிட்டுப் போங்கண்ணே!"

ஆட்டம் என்றதும் ராசாங்கம் கிளம்பிவிட்டார். அங்கே போனால் மகள் வாய்திறந்து பேசினாலும் பேசுவாள் என்ற நப்பாசை, வேறென்ன!

டீச்சரின் கூடத்தில் உடுக்கையும் இல்லை, சாமி படமும் இல்லை. சுற்றி ஏழெட்டுப் பெண்கள். "உங்க உடம்புக்கு என்ன தோணுதோ செய்யுங்கம்மா. யாரும் எதுவும் கேக்க மாட்டோம்" என்றார் டீச்சர். பல வாரம் கொளஞ்சி சுவரோரமாகவே நின்றாள். ஒரு மத்தியானம் நடுக்கூடத்துக்கு வந்து குனிந்தாள். தண்ணீருக்குள் விட்டுத் துழாவுகிற மாதிரி கைகள் போயின. எதையோ பிடித்து இழுத்தாள், மறுபடி இழுத்தாள். வெறுங்கையை மார்போடு அணைத்து ஆடி ஆடி நடந்தாள். பிறகு மெதுவாகத் தரையில் கிடத்திவிட்டு நிமிர்ந்தாள்.

வாசலில் நின்ற ராசாங்கத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. டீச்சர் தடுக்கத் தடுக்க உள்ளே பாய்ந்தார்.

"பாப்பா! வந்துட்டியா?"

கொளஞ்சி அவரையே பார்த்தாள். இத்தனை காலத்துக்குப் பிறகு அவள் தொண்டை திறந்தது.

"பாப்பா இல்லீங்க. நாந்தான்."

"அப்ப இத்தன நாளா வந்தது?"

"அதுவும் நாந்தான். நீங்க அவ்வளவு ஆசையா கேட்டீங்க. இல்லன்னு சொல்ல மனசு வரலீங்க."

ராசாங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அப்ப புள்ள...?"

"அன்னைக்கே போயிட்டாளுங்க."

ஐயோ, அந்த மனுஷன் போட்ட சத்தம்! தெருவில் போனவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கூடத்துப் பெண்கள் இழவு வீட்டில் உட்காருவதுபோல அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ராசாங்கத்தின் மகள் அன்றைக்குத்தான் செத்தாள்.